முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி: வேகவைத்தால் பலன் போய்விடுமா? தைராய்டு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கேள்வி: தேன்சிட்டு

வணக்கம். எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது சமையலில் இருக்கும். அண்மைக் காலமாக ப்ரோக்கோலியும் சேர்ந்துகொண்டது. இக்காய்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு பக்கமும், இவை தைராய்டுச் சுரப்பியைக் கெடுக்கும் என்று இன்னொரு பக்கமும் படித்துப் படித்துக் குழம்பிவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

என் மாமியார் தைராய்டு சுரப்புக் குறைவுக்காகப் பல ஆண்டுகளாக லெவோதைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். உறவினர் ஒருவர் எச்சரித்ததிலிருந்து கோஸ் பொரியலைத் தொடுவதே இல்லை. என் கணவரோ, பச்சையாகச் சாப்பிட்டால்தான் பலன் என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, வேகவைத்த காயைச் சக்கை என்கிறார். நானோ புழுவுக்கு அஞ்சி, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்த வெந்நீரில் போட்டு எடுக்காமல் காலிஃபிளவரைச் சமைத்ததே இல்லை.

வேகவைப்பதால் உண்மையிலேயே எது அழிகிறது, எஞ்சியதில் எவ்வளவு உடலில் சேர்கிறது, மாமியார் விலக்கத்தான் வேண்டுமா என்பவற்றை ஆதாரத்துடன் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். இதே சேர்மத்தை மாத்திரைக் குப்பியில் அடைத்து விற்கிறார்களே, அதை வாங்குவதில் பொருள் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: அடுக்களை வேதியியல்

நல்ல கேள்வி; ஆனால் "சத்து அழிகிறதா" என்று கேட்பதைவிட, "அந்தப் பொருள் எப்போது உருவாகிறது" என்று கேட்பதே இங்கு சரியான தொடக்கமாக இருக்கும். ஏனெனில், எல்லாரும் பேசுகிற அந்தக் கந்தகச் சேர்மமான சல்ஃபோராஃபேன் முழுக் காயில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. ப்ரோக்கோலியில் இருப்பது குளுக்கோராஃபனின் என்ற மூலப்பொருள். அது குளுக்கோசினோலேட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதே காயில், வேறு செல்களில், மைரோசினேஸ் என்ற நொதி தனியே அடைபட்டிருக்கிறது. காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அந்தக் கணத்திலிருந்துதான் சல்ஃபோராஃபேன் போன்ற ஐசோதயோசயனேட்டுகள் உண்டாகின்றன. பச்சை முள்ளங்கியைக் கடித்ததும் ஏறும் காரமும், கடுகை அரைத்ததும் மூக்கைத் துளைக்கும் நெடியும் இந்த வினையின் விளைவே. செடி இதை நமக்காக உண்டாக்கி வைக்கவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்கு எதிரான ஆயுதமாக வைத்திருக்கிறது.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். குளுக்கோசினோலேட் ஓரளவு சூட்டைத் தாங்கும், ஆனால் நீரில் எளிதில் கரையும். மைரோசினேஸ் நொதியோ கொதிநீரில் சில நிமிடங்களிலேயே செயலிழந்துவிடும். ஆகவே நிறைய நீரில் கொதிக்க வைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால் இரண்டு வகையிலும் இழப்பு. பிரிட்டனில் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 30 நிமிடம் கொதிக்க வைத்தபோது ப்ரோக்கோலி தன் குளுக்கோசினோலேட்டில் 77 விழுக்காட்டையும், காலிஃபிளவர் 75 விழுக்காட்டையும், கோஸ் 65 விழுக்காட்டையும் இழந்தன. ஆவியில் வேகவைத்தபோதும் எண்ணெயில் வதக்கியபோதும் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. அரை மணி நேரம் நம் வீடுகளில் யாரும் கோஸைக் கொதிக்க விடுவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நீர் தெளித்து மூடி வேகவைக்கும் நம் பொரியல் ஏறத்தாழ ஆவியில் வேகவைப்பதற்குச் சமம். கூட்டிலும் சாம்பாரிலும் வேகவைத்த நீரையும் சேர்த்தே சாப்பிட்டுவிடுகிறோம் என்பதால், கரைந்தது வீணாவதில்லை.

எஞ்சியிருப்பது நொதி அழிந்த பிரச்சினை. அது அழிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உங்கள் கணவர் கருதுகிறார், பாதி சரி. நெதர்லாந்தில் எட்டு ஆண்களுக்கு 200 கிராம் ப்ரோக்கோலியைப் பச்சையாகவும் வேகவைத்தும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. பச்சையாகத் தின்றபோது சல்ஃபோராஃபேனில் 37 விழுக்காடு உடலில் சேர்ந்தது, வேகவைத்ததில் 3.4 விழுக்காடு மட்டுமே. பச்சைக் காயில் இரத்த அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டது. வெந்த காயில் ஆறு மணி நேரம் ஆயிற்று. இந்தத் தாமதத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. நொதி இல்லாத குளுக்கோசினோலேட் சிறுகுடலில் பெரிதும் மாறாமல் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அந்த வேலையை ஓரளவு செய்து கொடுக்கின்றன. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும்: ஒருவரிடம் ஒரு விழுக்காடு, இன்னொருவரிடம் நாற்பது விழுக்காடு வரை மாற்றம் நிகழ்வதாக அளந்திருக்கிறார்கள். ஒரே பந்தியில் ஒரே பொரியலைச் சாப்பிட்ட இருவருக்குக் கிடைப்பது ஒன்றல்ல.

"அப்படியானால் பச்சையே மேல்" என்று இங்கிருந்து தாவிவிடக் கூடாது. காயில் மூன்றாவதாக ஒரு புரதமும் இருக்கிறது. அது இந்த வினையைத் திசைதிருப்பி, சல்ஃபோராஃபேனுக்குப் பதிலாகப் பயன் குறைந்த நைட்ரைல் சேர்மங்களை உண்டாக்கும். பச்சை ப்ரோக்கோலியில் கணிசமான பகுதி அவ்வாறுதான் போகிறது. நற்பேறாக, அந்தப் புரதம் மைரோசினேஸைவிட முன்னதாகவே சூட்டில் செயலிழக்கிறது. ப்ரோக்கோலியை 60 பாகை செல்சியஸ் அளவில் ஐந்து முதல் பத்து நிமிடம் சூடாக்கியபோது சல்ஃபோராஃபேன் கூடியதை 2004இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் காட்டினர். பச்சையும் அல்லாத, குழையவும் விடாத இளவேக்காடு, பற்களுக்குச் சற்றே எதிர்ப்புக் கொடுக்கும் பதம், இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம்.

செயல்முறைக்கு ஒன்று சொல்கிறேன்: நறுக்கிய உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள். நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுங்கள். ஒருமுறை உண்டாகிவிட்ட சல்ஃபோராஃபேனுக்குப் பிறகு நொதி தேவையில்லை. பொடியாக நறுக்கி 90 நிமிடம் வைத்திருந்து வதக்கிய ப்ரோக்கோலியில், உடனே வதக்கியதைவிட 2.8 மடங்கு சல்ஃபோராஃபேன் இருந்ததாக 2018இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்றரை மணி நேரம் யாருக்கும் இருக்காது. சாம்பாருக்குப் பருப்பு வேகும் நேரமாவது கிடைக்குமல்லவா?

பதில்: மலைத்தோட்டம்

நீலகிரியில் கோஸும் காலிஃபிளவரும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் வெந்நீர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நீங்கள் அஞ்சுகிற புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. மேலே நண்பர் எழுதிய ஆயுதம் இதனிடம் செல்லுபடியாகாது. குளுக்கோசினோலேட்டைச் செடியின் நொதி தொடுவதற்கு முன்பே அதன் ஒரு பகுதியைக் கழற்றிச் செயலிழக்கச் செய்யும் நொதி இப்புழுவின் குடலிலேயே உண்டு. செடியின் நெடி இதைத் துரத்துவதற்குப் பதிலாக, முட்டையிட இடம் காட்டி அழைக்கிறது. நாங்கள் இதனுடன் படும் பாடு தனிக் கதை.

புழுவை நீக்கக் கொதிநீர் தேவையில்லை. பூக்களைச் சிறிய துண்டுகளாகப் பிரித்து, உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் மூழ்க வைத்தால் புழு வெளியேறிவிடும். பிறகு ஓடும் நீரில் அலசிவிடலாம். பிரிக்காமல் முழுப் பூவாகப் போட்டால் எந்த நீரிலும் பயன் இல்லை.

பதில்: பொது மருத்துவர்

புழுவைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் புழுவைவிட, கண்ணுக்குத் தெரியாத நாடாப்புழு முட்டையைப் பற்றித்தான் மருத்துவர்கள் கவலைப்படுகிறோம். கழிவுநீர் கலந்த பாசனத்தில் விளைந்த காய்களின் இதழ்களுக்கிடையே அவை ஒட்டியிருக்கலாம். உடலுக்குள் சென்றால் மூளையில் நீர்க்கட்டிகளையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். உப்பு நீரில் ஊறவைத்தால் அம்முட்டை சாகும் என்று நம்ப இயலாது, வேகவைத்தால் சாகும். எங்கு விளைந்தது என்று தெரியாத கோஸை வெறும் சாலடாகத் தின்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பலனில் சிறிது குறைந்தாலும் வெந்த காயே நம் ஊருக்குப் பொருத்தம்.

இனி தைராய்டு. இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து பிறந்ததல்ல. 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், வேறொரு நோயை ஆராய்வதற்காக வளர்க்கப்பட்ட முயல்களுக்குப் பெரும்பாலும் கோஸையே உணவாகக் கொடுத்தபோது, அவற்றுக்குக் கழுத்துக் கழலை வந்ததைக் கண்டார்கள். காரணம் பின்னாளில் தெரிந்தது. சில குளுக்கோசினோலேட்டுகள் உடையும்போது தயோசயனேட் உண்டாகி, சுரப்பிக்குள் அயோடின் நுழைவதற்குப் போட்டியாக நிற்கிறது. வேறு சிலவற்றிலிருந்து வரும் கோய்ட்ரின், ஹார்மோன் உருவாக்கத்தையே தடுக்கிறது. இவை உண்டாவதற்கும் மைரோசினேஸ் வேண்டும். பலனைக் கொடுக்கும் நொதியே இந்தத் தீங்குக்கும் வழிவிடுகிறது. காயை வேகவைப்பது இரண்டையும் சேர்த்தே குறைக்கிறது.

மனிதரிடம் என்ன நிகழ்கிறது? 1986இல் பிரிட்டனில் பத்துப் பேருக்கு நான்கு வாரங்கள், நாள்தோறும் 150 கிராம் வேகவைத்த களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) கொடுத்தார்கள். தைராய்டு அளவுகள் மாறவில்லை. சீனாவில் 84 நாட்கள் ப்ரோக்கோலி முளைச்சாறு குடித்தவர்களின் இரத்தத்தைப் பின்னர் சோதித்து 2019இல் வெளியிட்டதிலும் மாற்றம் இல்லை. மறுபுறம், 2010இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான 88 வயது மூதாட்டி தைராய்டு குறைவால் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் நீரிழிவு கட்டுப்படும் என்று நம்பிப் பல மாதங்களாக நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ சீனக் கோஸைப் பச்சையாகத் தின்று வந்தவர். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கரண்டி பொரியல் சாப்பிடக்கூடிய உங்கள் மாமியாருக்கு அந்த நிகழ்வைப் பொருத்திப் பார்ப்பது முறையல்ல.

மேலும், அவர் ஹார்மோனை மாத்திரையாக வெளியிலிருந்து பெறுகிறார். சுரப்பி உற்பத்தி செய்வதைத் தடுக்கும் பொருளுக்கு, மாத்திரையில் வரும் ஹார்மோனிடம் பெரிதாக வேலை இல்லை. அவர் உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு: மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் சிற்றுண்டியும் எடுத்துக்கொள்கிறாரா, சுண்ணாம்புச் சத்து அல்லது இரும்புச் சத்து மாத்திரையை நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடுகிறாரா என்பவை. கோஸுக்குப் பயந்து ஒதுக்கிவிட்டு, மாத்திரையுடனேயே காபி குடிப்பவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். வீட்டில் அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறியிருந்தால் அதையும் கவனியுங்கள். பொதுவாக இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை, வீட்டில் கருவுற்றிருப்பவரோ குழந்தைகளோ இருந்தால் அது கோஸைவிடப் பெரிய கேள்வி.

பதில்: தேன்சிட்டு

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் மருத்துவர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். காபியைப் பற்றிய பகுதி வந்ததும் பேச்சை மாற்றினார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். கோஸ் பொரியலுக்கு நாம் கடுகு தாளிக்கிறோமே. கடுகும் இதே குடும்பம் என்றால், அழிந்த நொதியை அது ஈடுசெய்யுமா? மாத்திரைக் குப்பியைப் பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பதில்: அடுக்களை வேதியியல்

தாளித்த கடுகு ஈடுசெய்யாது. கடுகு வெடிக்கும் அளவுக்குச் சூடான எண்ணெயில் நொதி தாங்குவதில்லை. தாளித்த கடுகை மென்றால் நெடி ஏறாமல் கொட்டையின் சுவை மட்டும் வருவது அதனால்தான். பச்சைக் கடுகை அரைத்தால் கதை வேறு. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 12 பேருக்கு 200 கிராம் வேகவைத்த ப்ரோக்கோலியை வெறுமனேயும், ஒரு கிராம் பழுப்புக் கடுகுத் தூள் தூவியும் கொடுத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கடுகு சேர்த்தபோது உடலில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கு மேல். அந்தப் பழுப்புக் கடுகும் நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகும் ஒரே இனம். ஆகவே அடுப்பை அணைத்து, காய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், பச்சைக் கடுகைப் பொடித்து அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகத் தூவிப் பிரட்டுங்கள். தேங்காயோடு பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் தயிர்ப் பச்சடி வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் எளிது. கோஸ் பொரியலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் போதும். துருவிய பச்சை முள்ளங்கியும் இதே வேலையைச் செய்யும். நொதி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு ஆய்வகம் வேண்டாம், மூக்கே சொல்லிவிடும்.

கடையில் உறைய வைத்து விற்கும் ப்ரோக்கோலிக்கும் இது பொருந்தும். உறைய வைப்பதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுப்பதால் அதில் பெரும்பாலும் நொதி இருப்பதில்லை; வீட்டில் நறுக்கி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயன் வராது, கடுகுத் தூள்தான் வழி.

மாத்திரைக்கு வருகிறேன். பல குப்பிகளில் இருப்பது குளுக்கோராஃபனின் மட்டும். மைரோசினேஸ் சேர்க்கப்படாவிட்டால் அது வெந்த காயைப் போலவே பெருங்குடல் நுண்ணுயிரிகளை நம்பியிருக்கும். சிலவற்றில் நொதியும் சேர்க்கிறார்கள். வாங்கியே தீருவேன் என்பவர் குறைந்தது அதையாவது பார்த்து வாங்கட்டும்; நான் வாங்க மாட்டேன்.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பால் தலாலே என்ற மருந்தியலாளரின் குழுவினர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1992இல் சல்ஃபோராஃபேனைப் பிரித்தெடுத்து, அது செல்களின் நச்சுநீக்க நொதிகளைத் தூண்டுவதைக் காட்டினர். மூன்று நாள் வயதுள்ள ப்ரோக்கோலி முளையில் முதிர்ந்த காயைவிடப் பத்து முதல் நூறு மடங்கு மூலப்பொருள் இருப்பதை 1997இல் வெளியிட்டனர். இதையொட்டி, காற்று மாசு மிகுந்த சீனாவின் சிடோங் பகுதியில் 291 பேருக்கு 12 வாரங்கள் முளைச்சாறு கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, சாறு குடித்தவர்களின் சிறுநீரில் பென்சீன் என்ற நச்சின் கழிவு 61 விழுக்காடும், அக்ரோலினின் கழிவு 23 விழுக்காடும் கூடியிருந்தன. உடல் நச்சை விரைவாக வெளியேற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. புற்றுநோய் குறைந்தது என்பதற்குச் சான்றாகாது. அதை இந்த ஆய்வு அளக்கவில்லை. 2017இல் சுவீடனில் 97 நீரிழிவு நோயாளிகளிடம் செறிவான முளைச் சாரத்தைச் சோதித்தபோது, உடல் பருமனும் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. அந்த அளவைத் தட்டில் வைக்கும் காயால் எட்ட முடியாது என்பதால், பொரியல் சாப்பிட்டுவிட்டு மருந்தை நிறுத்தலாம் என்று யாரும் இதைப் படித்துக்கொள்ளக் கூடாது.

பதில்: கீரைக்காரி

இத்தனையும் ப்ரோக்கோலியைச் சுற்றியே போகிறதே. நம் முற்றத்து முருங்கைக்கும் இதில் பங்கு உண்டு என்று படித்திருக்கிறேன். அது உண்மையா? நல்வேளைக்கீரைக்கும் கடுகைப் போன்ற ஒரு நெடி உண்டே?

பதில்: அடுக்களை வேதியியல்

உண்மைதான், அம்மா. முருங்கை கோஸின் குடும்பம் அல்ல என்றாலும் பல குடும்பங்கள் அடங்கிய அதே தாவர வரிசையைச் சேர்ந்தது. அதற்கென்று தனியாக ஒரு குளுக்கோசினோலேட்டும், அதிலிருந்து மொரிஞ்சின் என்ற ஐசோதயோசயனேட்டும் உண்டு. பச்சை முருங்கை இலையை மென்றால் தொண்டையில் ஏறும் காரம் அதுவே. நல்வேளைக்கும் பப்பாளி விதைக்கும் கூட இந்த வேதியியல் உண்டு. ஆனால் ப்ரோக்கோலிக்கு அளந்ததைப் போல மனிதர்களில் உறிஞ்சப்படும் அளவை முருங்கைக்குப் பரவலாக அளந்து பார்க்கவில்லை. முருங்கைக் கீரையை அதன் இரும்புக்காகவும் சுண்ணாம்புக்காகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். இந்தக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கத் தயங்குகிறேன்.

பதில்: பொது மருத்துவர்

விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். வீட்டில் யாரேனும் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுத்துக்கொண்டால், ப்ரோக்கோலி, முருங்கைக்கீரை, கடுகுக்கீரை போன்ற கரும்பச்சைக் காய்கறிகளின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அவற்றிலுள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும். விலக்கத் தேவையில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டு வந்தால், மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவை அமைத்துக்கொள்வார். புதிதாக நாள்தோறும் ப்ரோக்கோலிச் சாறு குடிக்கத் தொடங்குவதாக இருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.